இரண்டு விரல் இடைவெளி

அந்த அருங்காட்சியகத்தில் யாரிடமாவது போய், "பழைய துப்பாக்கிகளைச் சீர்செய்கிற அம்மா எங்கே?" என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். "மறுபடி எங்கே?" என்று கேட்டால் போதும், உடனே கை காட்டுவார்கள்: பின்பக்கம், நாலு படி இறங்கி, எண்ணெய் வாடை வருகிற அறை.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது காவலாளிதான். சாயங்காலம் வேலை முடிந்து அறையைப் பூட்டுவாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வாசல் வரை போவாள். "மறுபடி ஒரு தடவை பாத்துடறேன்பா" என்று திரும்பி வருவாள். வீட்டிலும் இதே கதைதான். கேஸ் அடுப்பை மூடியாயிற்றா, குழாயை நிறுத்தியாயிற்றா, இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கியாயிற்றா என்று ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அவள் கணவர் விளம்பரப் பலகை எழுதி ஓய்ந்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆசாமி. "என்னைக் கல்யாணம் பண்றப்பவும் மூணு தடவை வந்து பாத்துட்டுத்தானே சரின்னு சொன்னே" என்பார். "நாலு" என்பாள் அவள். "நாலாவது தடவை நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

துப்பாக்கிக்கும் அவளுக்கும் பிறவிச் சம்பந்தம் எதுவும் கிடையாது. தையல் இயந்திரம் பழுது பார்க்கிற கடையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். அருங்காட்சியகத்தில் ஏதோ ஒரு பழைய துப்பாக்கியின் சுத்தி மடங்காமல் நின்றுவிட்டது. உள்ளே ஒரு தகட்டு ஸ்பிரிங் உடைந்திருந்தது. அதைப் போட்டுத் தருவதற்கு ஆள் தேடி அலைந்த காப்பாளர், கடைசியில் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்தார். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைவிடச் சிக்கலானதெல்லாம் தையல் மிஷின்ல இருக்கு சார்" என்றாள். அவர் அப்படியே அவளை வளைத்துப் போட்டுவிட்டார். அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

துருவோடு சண்டை போடுவதுதான் அந்த வேலை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அவசரக்காரனுக்கு உப்புத்தாளைக் கொடுத்தால் ஒரே மணி நேரத்தில் பளபளவென்று தேய்த்துக் கொடுத்துவிடுவான். துருவோடு சேர்த்துக் குழலில் பொறித்த எண்ணும், பட்டறை முத்திரையும், யாரோ ஒரு சிப்பாய் கத்திமுனையால் கட்டையில் கீறி வைத்த கோடும் போய்விடும். மிச்சம் இருப்பது இரும்புக் குழாய். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. எண்ணெயில் நனைத்த பஞ்சு, மழுங்கிய செப்புத் தகடு, பொறுமை, இவ்வளவுதான் அவளுடைய கருவிகள். ஒரு திருகாணியைக் கழற்ற மூன்று நாள் காத்திருப்பாள். காத்திருக்கும்போது மட்டும் ஓரிடத்தில் உட்கார மாட்டாள்.

அவளிடம் அதிகம் வந்தவை ஒருவகைக் குட்டைத் துப்பாக்கிகள். கார்பைன் என்பார்கள். குதிரை மேல் இருக்கிற சிப்பாய் நீளத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு திண்டாட முடியாது என்பதால் குழலை வெட்டிக் குறைத்துச் செய்தது. வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். பின்னால் முளை போல ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதன் நடுவே ஊசித் துளை. குமிழ் மேல் செப்புத் தொப்பி ஒன்றை மாட்டிச் சுத்தியால் அடித்தால், பொறி அந்தத் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். இந்தக் கார்பைனை அந்தக் காலத்தில் இரண்டு பட்டறைகள் செய்தன. பெரிய பட்டறை ஆயிரக்கணக்கில் செய்தது, சுத்தி பொருத்திய பக்கத் தகட்டில் நட்சத்திர முத்திரை வைத்தது. சின்னப் பட்டறை முத்திரை வைக்காமல் கொஞ்ச காலம் செய்துவிட்டு மூடிவிட்டது. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

இந்த மாதிரித் துப்பாக்கிகளில் ஒரு வில்லங்கம் உண்டு. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ மருந்தும் குண்டும் போட்டு இடித்துவிட்டு, சுடாமலே போயிருப்பான். சண்டை நின்றிருக்கும், அல்லது அவன் செத்திருப்பான். மருந்து கெட்டுப் போகாது. காய்ந்திருந்தால் இன்றைக்கும் வெடிக்கும். அதனால் எது வந்தாலும் முதல் வேலை கோல் விட்டுப் பார்ப்பது. வாய் வழியாகக் கோலை முட்டுகிற வரை விட்டு, கோலில் வாய் விளிம்புக்கு நேராகச் சாக்பீஸ் கோடு போட்டு, வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்பில் நிற்கும்படி குழலின் மேல் கிடத்திப் பார்க்க வேண்டும். கோலின் முனை குமிழ் வரை வந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வராமல் நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

பார்த்து முடித்ததும் ஓர் அட்டை கட்டுவாள். "சரிபார்த்தது. காலி." அச்சடித்தது போன்ற அந்த எழுத்து கணவருடையது. கீழே அவள் கையெழுத்து.

ஆனால் நட்சத்திரக் கார்பைனில் மட்டும் கோல் குமிழுக்கு இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிடும். முதல் வருஷத்தில் அப்படி ஒன்று வந்தபோது பயந்து போய்ப் பின்பக்கத்தைக் கழற்றியே பார்த்தாள். உள்ளே மருந்துக்கென்று குழலைவிடக் குறுகலான ஒரு குழி இருந்தது, கோல் அதன் வாயில் முட்டி நின்றிருந்தது. குழி காலி. அன்றைக்கு நோட்டில் எழுதினாள்: "இந்தக் கார்பைனில் இரண்டு விரல் இடைவெளி இயல்பு." அதற்கப்புறம் பத்துக் கார்பைன்கள் வந்தன. எல்லாவற்றிலும் இரண்டு விரல். எல்லாவற்றுக்கும் அட்டை கட்டினாள்.

அதில் ஒன்று பல் டாக்டருடையது.

பல் டாக்டர் நல்ல மனுஷன், கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளை. தாத்தா வீட்டுப் பரணில் கிடந்த கார்பைனைக் கொண்டுவந்து கொடுத்துச் சீர்செய்து, ஆறு மாதத்துக்கு முன் வாங்கிப் போய்த் தன் கிளினிக்கின் வரவேற்பறைச் சுவரில் மாட்டினார். வெறும் குமிழ் மேல் சுத்தியைத் தட்டினால் குமிழ் உடைந்துவிடும் என்று அவள் எச்சரித்திருந்தாள். மனுஷன் அதற்கும் வழி கண்டுபிடித்தார். பொம்மைத் துப்பாக்கிக்குப் போடுகிற பொட்டு வெடியை வாங்கிக் குமிழ் மேல் ஒட்டி, அழுகிற குழந்தைகளுக்கு எதிரே "டப்" என்று தட்டிக் காட்டுவார். குழந்தை அழுகையை மறந்து வாயைப் பிளக்கும். அவருக்கு வேண்டியதும் அதுதானே. இதைக் கேள்விப்பட்டு அவளும் சிரித்தாள். காலித் துப்பாக்கிதானே.

வியாழக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பொட்டு வெடி புஸ்ஸுன்னு போகுது. குமிழோட துளை துருவால அடைச்சிருக்கு போல. என்கிட்ட வேர் சுத்தம் பண்ற ஊசி இருக்கு, தலைமுடியைவிடச் சன்னம். நானே குத்தி எடுத்துடவா? சனிக்கிழமை ஸ்கூல் பிள்ளைங்க முப்பது பேர் செக்கப்புக்கு வராங்க."

"தாராளமா எடுங்க டாக்டர். எண்ணெய் விட்டு மெதுவா பண்ணுங்க" என்றாள் அவள். கேஸ் அடுப்பை மூன்று முறை பார்க்கிறவள், இதற்கு மூன்று நொடி யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் மேசைக்கு இன்னொரு கார்பைன் வந்தது. அதே நீளம், அதே வளைவு, அதே பித்தளைப் பட்டை. கோலை விட்டாள், கோடு போட்டாள், வெளியே எடுத்து வைத்தாள். முனை குமிழ் வரை வந்து நின்றது.

மறுபடி பார்த்தாள். குமிழ் வரை வந்தது. கோலை மாற்றிப் பார்த்தாள். இரண்டு விரல் இடைவெளியைக் காணவே காணோம். பின்பக்கத் திருகு தளர்வாகத்தான் இருந்தது. கழற்றி விளக்கடித்துப் பார்த்தாள். குறுகலான குழி இல்லை. குழல் ஒரே அகலமாக நேராகப் பின்சுவர் வரை போயிற்று. சுத்தித் தகட்டைத் துடைத்தாள். நட்சத்திரம் இல்லை.

நோட்டை எடுத்துப் புரட்டினாள். வருகிறவற்றின் தகட்டை வரைந்து வைக்கிற பழக்கம் அவளுக்கு. பல் டாக்டரின் கார்பைன், முழுப் பக்கப் படம். திருகாணியின் பிளவைக்கூட வரைந்திருந்தாள். நட்சத்திரம் இல்லை. பக்கத்திலேயே அவள் கையெழுத்தில்: "இரண்டு விரல். இயல்பு. காலி."

நேரான குழலில் இரண்டு விரல் இடைவெளி என்றால் ஒரே ஒரு பொருள்தான். ஒரு குண்டு, அதன் பின்னால் ஒரு தடவை சுடுவதற்கான மருந்து.

கிளினிக்குக்குப் போன் போட்டாள். எடுத்தது வரவேற்பில் உட்காரும் பெண்.

"டாக்டரைக் கூப்பிடும்மா, அவசரம்."

"டாக்டர் கை பேஷண்ட் வாய்க்குள்ள இருக்கு அக்கா. என்ன சொல்லணும்னு சொல்லுங்க, நான் சொல்றேன்."

இங்கேதான் அவள் தவறினாள். முதல் தவறு தெரியாமல் நடந்தது, அதை மன்னித்துவிடலாம். இது தெரிந்தே நடந்தது. "அதுல குண்டு இருக்கு, தொடாதீங்க" என்று சொல்ல நாலு வார்த்தைதான். அந்த நாலு வார்த்தை வரவில்லை. இருபத்திரண்டு வருஷம், நூற்றுக்கணக்கான அட்டை, ஒரு பிழையும் இல்லாத கையெழுத்து, எல்லாம் சேர்ந்து குறுக்கே நின்றன. வாய் தன் பாட்டுக்கு வேறு எதையோ சொல்லியது.

"அந்தத் துப்பாக்கியை... மறுபடி ஒரு தடவை பாக்கணும்னு சொல்லும்மா. நான் வரேன். அதுவரைக்கும் தொட வேண்டாம்னு சொல்லு."

"சரிக்கா" என்றாள் அந்தப் பெண். குரலில் சிரிப்பு இருந்தது.

கோல், திருகு முனை, எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாள். அறையைப் பூட்டவே இல்லை. காவலாளி பின்னால் கத்தியது காதில் விழவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் நிதானமாக இறங்கினார், ஒருவர் அதைவிட நிதானமாக ஏறினார். ஊரில் இருக்கிற சோம்பேறிகள் எல்லாம் அன்றைக்கு அந்த ஒரே பஸ்ஸில்தான் ஏறுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள் போலிருந்தது. மறுபடி போன் போட்டாள். பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்தது. மறுபடி. மறுபடி. பஸ் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பினாள். மறுபடி பார்க்கணும் என்று தான் சொன்னால் யார் பதறுவார்கள்? இருபது வருஷமாக எல்லாரிடமும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒரு மெசேஜாவது எழுதலாம் என்று டாக்டரின் எண்ணை எடுத்து, "டாக்டர் அதில் குண்டு இருக்கிறது" என்று அடித்து அனுப்பினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. கை வாய்க்குள்தானே இருக்கிறது.

கிளினிக் வாசலில் சின்னச் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே இருந்து ஒரே கூச்சல். கதவைத் தள்ளினாள்.

முப்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துப்பாக்கி சுவரில் இல்லை. வரவேற்பு மேசை மேல் படுத்திருந்தது, வாய் பிள்ளைகளைப் பார்த்து. அதன் முன்னால் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி முழங்கையை ஊன்றி, குழல் வாய்க்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகரு!" அவள் போட்ட சத்தத்தில் முப்பது பேரும் அடங்கினார்கள். சிறுமி அழ ஆரம்பித்தாள். ஓடி வந்தவள் துப்பாக்கியைத் தூக்கி வாயைக் கூரைப் பக்கம் திருப்பினாள். குமிழைப் பார்த்தாள். தொப்பி இல்லை, பொட்டு வெடியும் இல்லை. போன உயிர் வந்தது, பாதிதான்.

டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். "என்னம்மா இது, பிள்ளையை அழ விட்டுட்டீங்க? மறுபடி பாக்கணும்னு சொன்னீங்களாமே, நாங்க சிரிச்சுக்கிட்டோம். துளை சூப்பரா க்ளியர் ஆயிடுச்சு. நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காந்து குத்தினேன். கடைசியில ஊசி நுனியில கறுப்பா மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

"அப்புறம் தட்டிப் பாத்தீங்களா?"

"எங்க! பொட்டு வெடி தீந்துபோச்சு. இப்பத்தான் ரிசப்ஷன் பொண்ணை வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

இந்த முறை அவள் நாலு வார்த்தையையும் சொன்னாள். பிள்ளைகள் இருந்ததால் மெதுவாக, அவர் காதருகே. "இதுல குண்டு இருக்கு டாக்டர். தப்பு என்னோடது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கிளினிக்கின் பின்னால் வெறும் மதில் சுவர் மட்டும் இருக்கும் சின்ன முற்றம். துப்பாக்கியை வாய் மேல் நோக்க நிறுத்தி, குழலுக்குள் தண்ணீர் விட்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. குண்டைச் சுற்றித் தண்ணீர் கசிய நேரமாயிற்று. அப்புறம் குமிழின் துளையிலிருந்து, டாக்டர் அவ்வளவு பாடுபட்டுத் திறந்த அந்தத் துளையிலிருந்து, கறுப்பாக ஒரு சொட்டு வந்தது. அடுத்து இன்னொன்று. சிமெண்டுத் தரையில் மை கொட்டியது போல ஓடியது. கந்தக வாடை அடித்தது.

மருந்து நன்றாக ஊறிய பிறகு எண்ணெய் விட்டு, திருகு முனை பொருத்திய கோலை இறக்கிக் குண்டுக்குள் முறுக்கினாள். ஈயம் இடம் கொடுத்தது. துப்பாக்கியை மதிலுக்கு நேராகப் படுக்க வைத்து, பக்கவாட்டில் நின்று இழுத்தாள். அசையவில்லை.

"தள்ளுங்க" என்றார் டாக்டர். "பிடுங்குறது என் தொழில்." வழக்கமான விளையாட்டுக் குரல் இல்லை அது. நேராக இழுக்காமல் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டி, பதினைந்து நிமிஷத்தில் வெளியே எடுத்தார். சாம்பல் நிறக் காகிதம் சுற்றிய ஈயக் குண்டு, பெரிய கோலிக்குண்டு அளவு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசமா..." என்றார். "அந்தத் துரு அடைச்சிருக்கலைன்னா?"

பின்கதவு திறந்து வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்தாள். கையில் பொட்டு வெடி டப்பா. "ரெண்டாவது கடையிலதான் சார் கிடைச்சுது" என்றாள் மூச்சு வாங்க. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

துப்பாக்கியைத் துடைத்துக் காயவைத்த பிறகு, பழைய அட்டையை அவிழ்த்துக் கிழித்தாள். கோலை டாக்டரிடம் நீட்டினாள். "நீங்க விட்டுப் பாருங்க. குமிழ் வரைக்கும் வருதான்னு நீங்களே சொல்லுங்க." அவர் பார்த்தார். வந்தது. அதன் பிறகே புது அட்டையில் கையெழுத்துப் போட்டாள், அவரையும் போடச் சொன்னாள்.

மத்தியானம் காப்பாளரிடம் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணும் ஆகலை இல்ல? அப்ப இதை நமக்குள்ளயே வச்சுக்கலாமே" என்றார். "இன்னும் மூணு இருக்கு சார்" என்றாள். பதினொரு கார்பைனில் ஏழுக்கு நோட்டுப் படத்தில் நட்சத்திரம் இருந்தது. ஒன்று பல் டாக்டருடையது. மீதி மூன்றுக்கு அவசரத்தில் தகட்டை வரையவே இல்லை. அவை யார் யார் வீட்டுச் சுவரிலோ, அவள் கையெழுத்துப் போட்ட அட்டையோடு தொங்கிக்கொண்டிருக்கின்றன. மூன்று வீட்டுக்கும் காப்பாளர் அறையிலிருந்தே, அவர் எதிரிலேயே போன் பண்ணினாள். ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியமாக அந்த நாலு வார்த்தையைச் சொன்னாள்: துப்பாக்கிக்கு உள்ளே குண்டு இருக்கலாம். தொடாதீர்கள், நாளைக்கு வருகிறேன் என்பதெல்லாம் அப்புறம்தான்.

அன்று வீட்டுக்கு வந்தவள் அடுப்பைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். அதைப் பார்த்துத்தான் கணவர் முதல் முறையாகப் பயந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேலி செய்யவில்லை.

"ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் இழுத்து இழுத்துப் பாத்தேங்க" என்றாள் அவள். "எனக்கு நல்லாத் தெரியும்னு நினைச்சேன் பாருங்க, அதை மட்டும் ஒரு தடவைகூடத் திரும்பப் பாக்கலை." சொல்லிவிட்டு அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய தூரிகையைத் தேடி எடுத்து, புது அட்டைகள் எழுத ஆரம்பித்தார். எழுத்து அதேதான். கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடு போட்டார்.

மறுநாள் காலை அவர் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். "நானும் வரேன். ரெண்டாவது கோட்டுக்கு ஆள் வேணுமில்ல." கோலைத் தன் குடை உறைக்குள் செருகித் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் படி இறங்கினார்கள். தெருமுனைக்கு வந்ததும் அவர் நின்றார்.

"என்னங்க?"

"ஒரு நிமிஷம் இரு. கேஸை மூடியாச்சான்னு பாத்துட்டு வந்துடறேன்."

"மூடியாச்சு. நான் பாத்துட்டேன்."

"நீ பாத்தே" என்றார் அவர் மெதுவாக. "நான் பாக்கலையே."

சுருக்கென்றது. கோபம் வருமா என்று காத்திருந்தாள், வரவில்லை. குடை உறையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் அதைப் போக விட்டுவிட்டு, அவர் திரும்பி வருகிற வரை அங்கேயே நின்றாள்.